கடின நீர், 40 லிட்டர் தொட்டி, எந்த மீன்? ஒரு நிகழ்வு ஆய்வு

தொட்டியின் அளவு 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். கணக்குப் போட்டால் 54 லிட்டர் வரும். அடியில் ஐந்து சென்டிமீட்டர் மணல் போட்டு, மேலே இரண்டு சென்டிமீட்டர் விட்டால் தண்ணீர் 41 லிட்டருக்கு மேல் நிற்காது. கல்லும் கட்டையும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 40-க்கும் கீழேதான். மீன் வாங்கும்போது மனசில் இருக்க வேண்டியது இந்த 40. அட்டைப்பெட்டி மேல் அச்சடித்த 54 இல்லை.

தொட்டி குடும்ப நண்பர் ஒருவருடையது. புதுத் தொட்டி வைத்து, அடுத்த வாரமே பத்து நியான் டெட்ரா (நீலமும் சிவப்புமாக மின்னும் சின்ன மீன்) விட்டார். சில நாளில் மூன்று மட்டும் மிஞ்சின. "தண்ணி ரொம்ப ஹார்டுங்க அண்ணா, அதான் செத்துப்போச்சு. இந்தத் தண்ணிக்கு மீனே வளர்க்க முடியாதாம்" என்றார். நான் போய்ப் பார்த்தபோது மிஞ்சிய மூன்றும் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

முதலில் தண்ணீரை அளந்தோம்

அவரிடம் டி.டி.எஸ். மீட்டர் இருந்தது, 520 காட்டியது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தோராயமாகச் சொல்வதோடு அந்த மீட்டரின் வேலை முடிந்தது. கரைந்திருப்பது கால்சியமா, சமையல் உப்பா என்று அதற்குத் தெரியாது. இரண்டு கிணறுகள் ஒரே 520 காட்டலாம். ஒன்றில் நத்தை ஓடு கெட்டியாக வளரும், இன்னொன்றில் ஓடு கரைந்து வெளுத்துப்போகும்.

மீன் வளர்ப்பவருக்கு வேண்டியவை மூன்று எண்கள். கால்சியம், மெக்னீசியத்தின் அளவைச் சொல்லும் ஜி.ஹெச்.; பைகார்பனேட், கார்பனேட்டின் அளவைச் சொல்லும் கே.ஹெச்.; அப்புறம் பி.ஹெச். சொட்டு மருந்து கிட்டில் பார்த்ததில் ஜி.ஹெச். 19 டிகிரி, கே.ஹெச். 13 டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அதன்படி ஜி.ஹெச். சுமார் 340 பி.பி.எம். (அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்), கே.ஹெச். சுமார் 230 பி.பி.எம். சந்தேகமே இல்லை, கடின நீர்தான்.

பி.ஹெச். மட்டும் ஒரு வேடிக்கை காட்டியது. குழாயில் பிடித்த உடனே 7.4. அதே தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்திருந்து பார்த்தால் 8-ஐத் தாண்டியிருந்தது. அவர் வீட்டுக் குழாயில் வருவது கிணற்று நீர். நிலத்தடி நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் அது பறந்துபோகும், பி.ஹெச். ஏறும். ஆகவே குழாயடியில் அளந்த எண்ணை நம்பி மீன் வாங்கக் கூடாது. தொட்டிக்குள் 8.0 இருந்தது.

கூடவே அம்மோனியாவையும் பார்த்தோம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்.

நியான்களைக் கொன்றது எது?

கடினத்தன்மை மேல் மொத்தப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. நியான் டெட்ரா அமேசான் பகுதியின் மென்மையான, அமிலத் தண்ணீரிலிருந்து வந்த மீன் என்பது உண்மை. கடின நீரில் அதன் முட்டைகள் சரியாகப் பொரிப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் இன்று விற்பனைக்கு வரும் நியான்களில் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவை. கொஞ்சம் கடினமான தண்ணீரிலும் அவை சில காலம் ஓட்டிவிடும். கடினத்தன்மை சில நாளில் ஏழு மீனைக் கொல்லாது.

நடந்தது வேறு. தொட்டியில் நைட்ரஜன் சுழற்சி ஆரம்பிக்கவே இல்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மீன் விட்டாயிற்று. இங்கேதான் பி.ஹெச். தன் வேலையைக் காட்டுகிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும்: அதிகம் தீங்கில்லாத அம்மோனியம், செவுளைப் பொசுக்கும் தனி அம்மோனியா. பி.ஹெச். 7-இல், 26 டிகிரி வெப்பத்தில், மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.ஹெச். 8-இல் அது ஐந்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். அதாவது இந்தத் தொட்டியில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல். 0.02-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்பது மீன் வளர்ப்பில் வழக்கமாகச் சொல்லும் அளவு.

இதற்கு மேல், யாரோ சொன்னார்கள் என்று பி.ஹெச். குறைக்கும் திரவம் ஒன்றையும் தினமும் ஊற்றியிருக்கிறார். ஊற்றியதும் பி.ஹெச். 7-க்குக் கீழே வரும், அவரும் நிம்மதியாகத் தூங்கப் போவார். விடிந்தால் மறுபடி 8. அமிலம் பைகார்பனேட்டோடு சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்குகிறது, பி.ஹெச். இறங்குவது பெரும்பாலும் அந்த வாயுவால்தான். அந்த நேரத்தில் மீனுக்கு மூச்சு முட்டும். இரவில் வாயு வெளியேறிவிடும், பி.ஹெச். பழைய இடத்துக்கே திரும்பும், தீங்கில்லாமல் இருந்த அம்மோனியம் நச்சாக மாறும். 6.8-இலிருந்து 8-க்கு ஏறினால் நச்சு வடிவம் ஏறக்குறைய 15 மடங்காகும். நிலையான 8-இல் பிழைத்திருக்கக்கூடிய மீன்கூட இந்தத் தினசரி ஏற்ற இறக்கத்தில் பிழைக்காது. கே.ஹெச். 13 உள்ள தண்ணீரில் பாட்டில் மருந்தால் பி.ஹெச்.-ஐக் குறைக்கப் பார்ப்பது வீண் வேலை மட்டுமில்லை, ஆபத்தான வேலை.

மிஞ்சிய மூன்று நியான்களும் அன்றே நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு தொட்டிக்குப் போயின.

தண்ணீரை மாற்றுவதா, மீனை மாற்றுவதா

தண்ணீரை மென்மையாக்க நேர்மையான வழி ஒன்று உண்டு: ஆர்.ஓ. தண்ணீரைக் கலப்பது. பாதிக்குப் பாதி கலந்தால் ஜி.ஹெச். ஒன்பதரை, கே.ஹெச். ஆறரை. இது நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அதே விகிதத்தில் கலக்க வேண்டும், வெளியூர் போனால் பார்த்துக்கொள்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 300 லிட்டர் தொட்டியில் ஒரு வாளி தப்பாகப் போனால் மீனுக்குத் தெரியாது. 40 லிட்டரில் ஒரு வாளி என்பது கால் பங்கு தண்ணீர். வீட்டுக்கு வைக்கும் சாஃப்ட்னர் கருவி இதற்கு உதவாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும், கே.ஹெச். அப்படியே நிற்கும். தண்ணீரை அமிலமாக்கப் போடும் பாதாம் இலை, பீட் (சதுப்பு நில மக்கு) போன்றவையும் இந்த அளவு கே.ஹெச்.-க்கு முன் எடுபடாது, தண்ணீர் டீ நிறமாகும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். நன்னீர் மீனின் ரத்தத்தில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். அந்த உப்பு செவுள் வழியாக ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் உள்ள கால்சியம் செவுள் செல்களின் இணைப்புகளை இறுக்கிப் பிடித்து அந்தக் கசிவைக் குறைக்கிறது. கடின நீரில் பரிணமித்த மீன்கள் இதை நம்பியே வாழ்கின்றன. மோலியை மென்மையான தண்ணீரில் விட்டால் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கே.ஹெச்.-உம் சும்மா இல்லை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏழு கிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகிறது. மென்மையான தண்ணீரில் இது தீர்ந்துபோய் பி.ஹெச். திடீரென்று சரிவதுண்டு. இந்தத் தொட்டியில் அந்தப் பயம் கிடையாது.

அதனால் மீனை மாற்றுவது என்று முடிவு செய்தோம். நண்பருக்கும் அதில் நிம்மதி.

மூன்று சல்லடை

கடின நீருக்கு என்று பட்டியல் கேட்டால் எல்லாரும் ஒரே பெயர்களைச் சொல்வார்கள்: மோலி, வாள்வால், பிளாட்டி, கப்பி, மலாவி சிக்லிட், வானவில் மீன். பட்டியல் சரிதான். ஆனால் அதில் பாதிக்கு மேல் 40 லிட்டருக்கு ஆகாது, அதை யாரும் சொல்வதில்லை. என் அனுபவத்தில் சின்னத் தொட்டியில் கடினத்தன்மை தள்ளிவிடும் மீன்களைவிட இடப் பற்றாக்குறை தள்ளிவிடும் மீன்கள்தான் அதிகம்.

மோலி கடின நீருக்கென்றே பிறந்த மீன். ஆனால் சாதாரண மோலியே எட்டு, பத்து சென்டிமீட்டர் வளரும், பாய்மரத் துடுப்பு வகை அதற்கும் மேல். நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். வாள்வால் இன்னும் வேகமானது, குதிக்கவும் குதிக்கும். மலாவி சிக்லிட்டில் பாறையை ஒட்டி வாழும் ம்புனா மீன்களுக்கு 200 லிட்டருக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம். சுலவேசித் தீவின் செலிபிஸ் வானவில் மீன் எனக்கு மிகவும் பிடித்தது, தண்ணீரும் பொருந்தும்; ஆனால் கூட்டமாக நீந்தும் மீனுக்கு 60 சென்டிமீட்டர் என்பது திரும்பித் திரும்பிச் சுவரில் முட்டும் தூரம். ஃபுளோரிடா கொடி மீன் அளவில் சரி, பாசியும் தின்னும். ஆண் மீன் முட்டைக்குக் காவல் நிற்கும்போது மற்றவை ஒதுங்க மூலை இருக்காது. இரண்டரை, மூன்று சென்டிமீட்டரே உள்ள குள்ளப் பேத்தை மீன் அழகுதான், ஆனால் அதற்கு உயிர் உணவு தேவை, நத்தைகள் தேவை, வேறு மீன் கூடாது. முதல் தொட்டிக்கு வேண்டாம் என்றேன்.

தண்ணீர், இடம் என்ற இரண்டு சல்லடையிலும் தேறியவை சொற்பம். அதில் மியான்மரின் இன்லே பகுதி மீன்களை நான் முதலில் எடுத்துவைத்தேன். சின்ன மீன் என்றாலே மென்மையான தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். இன்லே ஏரி ஷான் மேட்டுநிலத்தின் சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் இருப்பது, தண்ணீர் காரத்தன்மை கொண்டது. அங்கே வாழும் மரகதக் குள்ள ராஸ்போராவும், செதிலே இல்லாத சாவ்ப்வா மீனும் சின்னத் தொட்டிக்கு ஏற்ற அளவில் இருக்கும். அதே ஷான் மேட்டுநிலத்தில் 2006-இல் கண்டுபிடிக்கப்பட்டு 2007-இல் விவரிக்கப்பட்ட, கேலக்ஸி ராஸ்போரா என்று விற்கும் மீனும் அப்படியே. கருநீல உடம்பில் முத்துப் புள்ளி, சிவப்புத் துடுப்பு. கண்ணுக்கு நியானைவிட ஒரு படி மேல் என்பேன்.

ஆனால் மூன்றாவது சல்லடை வெப்பம். மேட்டுநில மீன்கள் 22 முதல் 25 டிகிரிக்குள் இருக்க விரும்பும். நண்பரின் தொட்டி ஹீட்டர் இல்லாமலே 28-ஐத் தொடுகிறது, சில நாள் 29. தண்ணீரை மென்மையாக்க மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டு, அதைக் குளிரவைக்கக் கருவி வாங்குவதில் அர்த்தமில்லை. வருத்தத்தோடு விட்டோம்.

சங்கு மீனா, எண்ட்லரா

கடைசியில் நின்றவை இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

ஒன்று டாங்கனிக்கா ஏரியின் சங்கு வாழ் சிக்லிட். மல்ட்டிஃபேசியேட்டஸ் என்பார்கள், சுருக்கமாக 'மல்ட்டி'. ஆண் ஐந்து சென்டிமீட்டருக்குள், பெண் இன்னும் சிறியது. காலி நத்தை ஓடுதான் வீடு. ஏரியின் பி.ஹெச். 9-ஐ ஒட்டியது, ஆகவே நம் தண்ணீர் அதற்கு உறுத்தாது. ஆறு மீன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஓடு, ஐந்து சென்டிமீட்டர் மணல் கொடுத்தால் போதும். வாயால் மணலை அள்ளி அள்ளித் தொட்டியின் தரையையே மாற்றி அமைக்கும். பெரிய குஞ்சுகள் புதுக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும், தாயும் தந்தையும் விரட்டுவதில்லை. 40 லிட்டரில் இவ்வளவு சுவாரசியமான குடும்ப வாழ்க்கையைக் காட்டும் வேறு மீன் எனக்குத் தெரியாது. என் ஓட்டு இதற்கே.

இன்னொன்று எண்ட்லர். கப்பியின் நெருங்கிய உறவு. 1937-இல் ஃபிராங்க்ளின் பாண்ட் வெனிசுவேலாவில் முதலில் சேகரித்து, 1975-இல் உயிரியலாளர் ஜான் எண்ட்லர் குமானாவுக்கு அருகே உள்ள லகூனா டி பாத்தோஸ் காயலில் மறுபடி கண்டெடுத்தது. தனி இனமாகப் பெயர் சூட்டியது 2005-இல்தான். எண்ட்லர் பார்த்த அந்தக் காயல் நீர் வெதுவெதுப்பானது, கடினமானது, பாசியால் பச்சையானது. நம் தொட்டியின் விவரத்தையே யாரோ எழுதிவைத்ததுபோல் இருந்தது. ஆண் மீன் இரண்டரை சென்டிமீட்டர். ஆரஞ்சு, பச்சை, கருப்பு எல்லாம் அதன் மேல்.

"உங்க மீன் கீழேயே கிடக்கும், சாம்பல் கோடு கோடா. சோபாவுல உட்கார்ந்தா தெரியுமா அண்ணா?" என்று கேட்டார் நண்பர். தெரியாதுதான். தொட்டி ஹாலின் மூலையில், உட்காரும் இடத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. மல்ட்டியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து விடலாமா என்றார். பெரிய தொட்டியில் செய்கிறார்கள். 40 லிட்டரில் நான் செய்ய மாட்டேன். குஞ்சு வைத்திருக்கும் மல்ட்டி தன்னைவிடப் பெரிய மீனையும் விரட்டும். ஆக, எண்ட்லர்.

பத்து ஆண், பெண்ணே வேண்டாம் என்பது என் ஒரே நிபந்தனை. கப்பியும் எண்ட்லரும் நான்கு வாரத்துக்கு ஒரு தரம் குட்டி போடும், ஒரு முறை சேர்ந்தால் பெண் மீன் விந்தைச் சேமித்துவைத்துப் பல மாதம் குட்டி போடும். சின்னத் தொட்டியில் முதலில் இனிக்கும், அப்புறம் யாருக்குக் கொடுப்பது என்று அலைய வேண்டும்.

தொட்டியைத் தயார் செய்தது

மீனில்லாமல் அம்மோனியாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஃபில்டரை ஓட்டினோம். கே.ஹெச். அதிகமுள்ள தண்ணீரில் பாக்டீரியா நன்றாகப் பிடிக்கும். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆனது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மீன் பேச்சை எடுத்தோம்.

செடிகளில் வாலிஸ்னேரியாவும் ஹார்ன்வோர்ட்டும் வைத்தோம். இரண்டும் கரியமில வாயு குறைந்தால் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும், அதனால் கடின நீரில் தழைக்கும். சில மாதத்தில் வாலிஸ்னேரியா இலை மேல் வெள்ளையாக ஒரு படிவு வரும். நோய் என்று பயந்து பிடுங்கிப்போடுவார்கள். அது சுண்ணாம்பு, செடி பைகார்பனேட்டை உறிஞ்சியதன் மிச்சம். கட்டையில் ஜாவா ஃபெர்ன் கட்டினோம். சுண்ணாம்புக் கல்லா, சாதாரணக் கல்லா என்று வினிகர் விட்டுப் பார்க்கும் சடங்கு இங்கே தேவையில்லை, இந்தத் தண்ணீரில் இரண்டும் ஒன்றே.

மீனோடு செர்ரி இறாலும் இரண்டு நெரைட் நத்தையும் வந்தன. ஓட்டுக்குக் கால்சியம் தேவைப்படும் உயிர்களுக்கு இது சொர்க்கம். நெரைட்டில் ஒரே தொல்லை, கண்ணாடியெங்கும் எள் அளவில் வெள்ளை முட்டை ஒட்டிவைக்கும். நன்னீரில் அவை பொரிக்காது, சுரண்டினாலும் லேசில் போகாது.

விற்பவரின் தண்ணீரைக் கேட்டறிந்தோம்: ஜி.ஹெச். ஏழு. ஏழிலிருந்து 19-க்குத் திடீரென்று தள்ளக் கூடாது. பை நீரில் தொட்டி நீரை மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் விட்டோம். இறாலுக்கு இன்னும் மெதுவாக.

பிறகு நடந்தவை

மீன்கள் முதல் வாரத்திலேயே நிறம் ஏறின. ஒன்றும் சாகவில்லை. ஆனால் எல்லாம் திட்டப்படி போகவும் இல்லை.

சில மாதம் கழித்து அளந்தால் ஜி.ஹெச். 24. தண்ணீர் மாற்றவில்லையோ என்று பார்த்தால், வாரம் தவறாமல் பத்து லிட்டர் மாற்றியிருக்கிறார். காரணம் ஆவியாதல். வாரம் மூன்று, மூன்றரை லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், சுண்ணாம்பு உள்ளேயே நிற்கும். குறைந்ததை அதே கடின நீரால் நிரப்பினால் வாரம் பத்து லிட்டர் அளவுக்கான தாது வெளியேறுகிறது, பதிமூன்றரை லிட்டர் அளவுக்கானது உள்ளே வருகிறது. கணக்குப்படி இது 25-ஐ ஒட்டிப் போய்த்தான் நிற்கும். தீர்வு சுலபம்: ஆவியானதை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீர், மாற்றுவதற்குக் குழாய் நீர். சில வாரங்களில் 19-க்குத் திரும்பியது. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்காமல் கடின நீர்த் தொட்டி வைக்கச் சொல்வது அரைகுறை யோசனை. கண்ணாடி விளிம்பில் படியும் வெள்ளைக் கோட்டை வினிகர் தொட்ட துணியால் தொட்டிக்கு வெளியே வழியாதபடி, தண்ணீரிலும் படாதபடி துடைத்தால் போதும்.

இரண்டாவது சம்பவத்தில் சிரிப்பும் உண்டு. பத்து 'ஆண்'களில் ஒன்று ஆண் இல்லை. மிகச் சிறிய வயதில் வாங்கியதால் வந்த குழப்பம். ஆண் மீனின் அடித்துடுப்பு நீண்டு குச்சிபோல் மாறும். அது மாறும் வயதுக்கு முன்பே எண்ணிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வயிறு பருத்தது, ஹார்ன்வோர்ட்டுக்குள் பதினைந்து இருபது குஞ்சுகள் தென்பட்டன. அந்தப் பெண்ணைப் பிடித்து வேறு தொட்டிக்கு அனுப்பினோம். அனுப்பியும் ஆண் மீன்கள் ஒன்றையொன்று விரட்டுவது உடனே அடங்கவில்லை. வாலிஸ்னேரியா அடர்ந்து பார்வையை மறைத்த பிறகுதான் அடங்கியது. குஞ்சுகளில் பெரும்பாலானவற்றை மற்ற மீன்களே தின்றுவிட்டன, நான்கு வளர்ந்தன. அவற்றில் பெண்ணாகத் தெரிந்தவற்றையும் அப்படியே பிரித்தோம்.

இப்போதைய நிலை: ஜி.ஹெச். 19, கே.ஹெச். 12, பி.ஹெச். 8.0, அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், தண்ணீர் மாற்றும் நாளுக்கு முன் நைட்ரேட் 20. இரண்டு பிளாட்டி சேர்க்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். தண்ணீர் பொருந்தும், இடம் பொருந்தாது, வேண்டாம் என்றேன். மழைக்காலத்தில் கிணற்று நீரின் கடினத்தன்மை குறைய வாய்ப்புண்டு. அப்போது வழக்கமான பத்து லிட்டரை ஒரேயடியாக மாற்றாமல், முதலில் குழாய் நீரின் ஜி.ஹெச்.-ஐ அளந்து, வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்து மாற்றச் சொல்லியிருக்கிறேன்.